மறுமொழி: 'எரர் காயின்' வகைகள் – மறுவா, வடுவா?

வணக்கம். அக்கசாலையில் (காசு அடிக்கும் ஆலை) பிழையோடு உருவாகி வெளிவந்த காசுகளைத்தான் 'எரர் காயின்' என்கிறார்கள். அவற்றின் வகைகளுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் மடலாடலில் ஒருவர் கேட்டது:

> 'பிழைக்காசு' என்று வைத்தால் முடிந்தது. இதற்கு ஏன் இத்தனை மடல்?

மொத்தத்துக்கு ஒரு பெயர் என்றால் 'பிழைக்காசு' போதும், எனக்கும் சம்மதம். சிக்கல் அடுத்த படியில்தான். சேகரிப்பவர் காசைக் கையில் எடுத்ததும் கேட்பது, 'இது எங்கே நேர்ந்தது?' என்பதைத்தான். அடிக்கும் முன்பே வெற்று வில்லையில் (முத்திரை விழாத உலோக வட்டு) இருந்ததா, அச்சில் (முத்திரை பதிக்கும் கருவி) இருந்ததா, அடிக்கும்போது வந்ததா? இல்லை, அக்கசாலையை விட்டு வெளியே வந்தபின் யாராவது சுத்தியலால் தட்டியதா? முதல் மூன்றைத்தான் தேடிச் சேர்க்கிறார்கள். நான்காவது வெறும் அடிபட்ட காசு.

முந்தைய மடலில் 'வில்லைப் பிழை, அச்சுப் பிழை, அடிப் பிழை' என்ற பிரிவு வந்திருந்தது. பிரித்த விதம் சரி. ஆனால் 'அச்சுப்பிழை' என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது புத்தகத்தில் 'பள்ளி' 'பல்லி' ஆன கதைதான். அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறார், எழுப்ப முடியாது.

என் முன்மொழிவு இது: பிறவியிலேயே வந்தது 'மறு', பிறகு பட்டது 'வடு'. நிலவில் தெரிவது மறு. சுட்டது ஆறியபின் தோலில் நிற்பது வடு. குறளிலேயே 'மதிக்கண் மறு' இருக்கிறது, 'நாவினாற் சுட்ட வடு' இருக்கிறது. ஆக, வில்லை மறு, அச்சு மறு, அடிப்பு மறு. ('அடிமறு' என்றுதான் முதலில் எழுதினேன். செய்யுள் இலக்கணம் படித்தவர்கள், அடிகளை இடம்மாற்றினாலும் பொருள் மாறாத 'அடிமறி'யைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று விட்டுவிட்டேன்.)

பயன்படுத்திப் பார்த்தால்தான் சொல் நிற்குமா என்று தெரியும். காசில் முகத்தின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. உருப்பெருக்கியில் சாய்த்துப் பாருங்கள். கோடு மேடாக இருந்தால், அச்சில் விரிசல் விட்டு, அதற்குள் உலோகம் பிதுங்கி ஏறியிருக்கிறது: அச்சு மறு. பள்ளமாக இருந்தால் பெரும்பாலும் கீறல்: வடு. எதையும் சுரண்டி மேடாக்க முடியாது அல்லவா!

> ஓரம் பிறைபோல் வெட்டுப்பட்டதற்கு 'வெட்டுக்காசு'?

'பிறைவெட்டு' என்று நீங்களே பாதி சொல்லிவிட்டீர்கள். தகட்டில் ஏற்கெனவே வில்லை எடுத்த ஓட்டையின் மேல் வெட்டுக்கருவி மறுபடி இறங்கினால் வருவது இது, ஆகவே வில்லை மறு. வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பையும் பார்க்க வேண்டும். விளிம்பை எழுப்பும் எந்திரத்தில் ஒருபக்கம் பிடிமானம் இல்லாமல் போவதால் எதிர்ப்பக்கமும் சப்பையாக இருப்பது வழக்கம். பிறகு அரத்தால் ராவிய போலியில் அந்த விளிம்பு முழுசாக நிற்கும். அதுவும் வடுதான், வேண்டுமென்றே இட்ட வடு.

'இரட்டை அடி', 'இரட்டை அச்சு' இரண்டையும் தயவுசெய்து ஒன்றாக்காதீர்கள். ஒரே வில்லை இரண்டு முறை அடிபட்டால் இரட்டை அடி, அது அந்த ஒரு காசோடு போயிற்று. 1955ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் வேறு கதை. தாயச்சை (அச்சுகளை உருவாக்கும் மூல அச்சு) வேலையச்சின் (காசை அடிக்கும் அச்சு) மேல் இருமுறை அழுத்தியபோது சற்றே விலகிவிட்டது. அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு காசிலும் ஆண்டும் எழுத்தும் இரட்டை இரட்டையாகத் தெரிகின்றன. 'தாயச்சு' பிடித்திருந்தால் அதையும் பட்டியலில் சேருங்கள்.

அப்புறம், அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையில் அதன் முகம் குழிவாக, இடம்வலம் மாறி விழுகிறதே, அதற்குக் 'குழிமுகம்'. பழைய ரோமானிய வெள்ளிக் காசுகளான தெனாரியஸ்களிலேயே உண்டு. இதில் எனக்கு விவாதம் இல்லை.

மேல்தோல் உரிந்த காசுக்கு 'ஏடுரிவு' என்று வைத்திருக்கிறேன். உலோகக் கலவை சரியாகக் கலக்காமலோ, நடுவில் அழுக்கோ காற்றோ சிக்கியோ, தகடாக உருட்டும்போது அது படலமாக நீண்டுவிடுகிறது. பின்னால் அந்த இடத்தில் உரிகிறது. 1942-45 காலத்து அமெரிக்க ஐந்து சென்ட்டில் இது சகஜம். செம்பு 56, வெள்ளி 35, மாங்கனீசு 9 விழுக்காடு கொண்ட போர்க்காலக் கலவை அது.

---

ஐயா, மறு–வடு அருமை. ஆனால் அந்த உரிந்த காசு உங்கள் வரையறையையே உரிக்கிறதே? பல காசுகளில் அந்தப் பொருக்கு உதிர்வது யாரோ ஒருவரின் சட்டைப்பையில். அக்கசாலையில் முழுசாக இருந்த காசு அது. அப்படியானால் வடு அல்லவா? இன்னொன்று, 'ஏடு' என்றால் எனக்குப் பாலேடும் ஓலையும்தான் தெரிகின்றன. சுவரில் சுண்ணாம்பு உதிர்வதைப் பொருக்கு என்றுதானே சொல்கிறோம்?

---

நண்பரே, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். உதிர்ந்த நாளைப் பார்த்தால் வடு, காரணம் இருந்த இடத்தைப் பார்த்தால் மறு. நான் காரணத்தின் பக்கம். உதிர்ந்த நேரத்தையும் ஓரளவு காசே சொல்லிவிடும்: அடிக்கும் முன்பே உதிர்ந்திருந்தால், சொரசொரப்பான பள்ளத்தின் மேலேயே எழுத்து மங்கலாக விழுந்திருக்கும், அடித்தபின் உதிர்ந்தால் எழுத்தும் பொருக்கோடு போயிருக்கும். இரண்டுக்கும் 'முன்னுதிர்வு', 'பின்னுதிர்வு' என்று துணைப்பெயர் வைத்துக்கொள்ளலாம்.

'ஏடுரிவை' எடுத்துவிட்டேன். பட்டியலில் இனி 'பொருக்கு மறு'.