பழைய பியட் காரின் படங்களையும் விவரங்களையும் இணையத்தில் எந்த அளவுக்குக் காட்டலாம்?

வேலப்பாடிவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமா 1968-இல் வாங்கிய பியட் 1100 டிலைட் கார், அவர் காலத்துக்குப் பிறகு என் பொறுப்புக்கு வந்து, வேலூரில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. வட ஆற்காடு மாவட்டமாக இருந்த நாளில் பதிவான வண்டி என்பதால், அதன் ஆர்.சி. புத்தகம் முழுவதும் கையெழுத்தில் எழுதப்பட்டது. இன்ஜின் நன்றாகவே சுழல்கிறது. ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து ரப்பர் குழாய்கள் இளகிப் பிசுபிசுக்கின்றன. பெட்ரோல் பம்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் டயாபிரம் என்ற வளையும் சவ்வின் ஓரம் விறைத்து வெடித்திருக்கிறது. ஸ்டியரிங்கை ஒட்டிய கியர் கம்பியை ஆடாமல் தாங்கும் புஷ் என்ற சிறு வளையங்களும் தேய்ந்துபோனதால் கியர் சரியாக விழுவதில்லை.

இந்தப் பாகங்கள் எங்கே கிடைக்கும் என்று அறிந்தவர்கள் இப்போது இணையக் குழுக்களில்தான் இருக்கிறார்கள். அவர்கள் முழு வண்டியின் படம், சேசிஸ் தகட்டின் படம், ஆர்.சி.யின் முதல் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். உதவ வேண்டும் என்ற எண்ணத்தில்தான் கேட்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் பகலில் வீட்டில் என் தாயார் மட்டுமே இருப்பார்; படத்தைப் பார்த்துவிட்டு, விலைக்குக் கேட்டு முன்பின் தெரியாதவர்கள் வாசலில் வந்து நிற்பதை நான் விரும்பவில்லை. பெயர் மாற்றத்துக்காக அணுகிய புரோக்கரும் ஆதார் அட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார். என் மகனோ ஜி.பி.எஸ். கருவி பொருத்தினால் கவலை இல்லை என்கிறான். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

காட்பாடி ரயிலடி:

வணக்கம் ஐயா. முதலில், வண்டியைக் காட்டத் தயங்க வேண்டாம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் காட்டியும் கேட்டும்தான் இந்த வண்டிகள் இன்றுவரை சாலையில் இருக்கின்றன. எல்லோரும் மறைக்கத் தொடங்கினால் அடுத்த தலைமுறைக்குப் புஷ் கடைந்து தரும் லேத்துக்காரரின் முகவரிகூடத் தெரியாமல் போய்விடும்.

ஆனால் பாகம் தேடுவதற்கு எது தேவையோ அதை மட்டும் காட்டினால் போதும். டயாபிரத்துக்குத் தேவையானவை பம்பின் படமும், திருகு ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரமும் மட்டுமே. பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, வெள்ளைத் துணியின் மீது பம்பைக் கிடத்தி, மேலிருந்து ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு படமும் எடுங்கள். பின்னாளில் பத்மினி என்ற பெயரில் வந்த வண்டிகளுக்கும் அதே 1089 சி.சி. இன்ஜின்தான் என்பதால், பத்மினிக்கு வரும் பம்ப் கிட் உங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும். எத்தனாலைத் தாங்கும் ரகத்தில் கேட்டு வாங்குங்கள்.

சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் முழுமையாகப் பொதுவெளியில் இட வேண்டாம். திருட்டு வண்டிக்கு வேறொரு நல்ல வண்டியின் எண்களைப் பொறித்துக் காகிதம் தயாரிக்கும் மோசடி நம் நாட்டில் புதிதல்ல. உதவுபவர் கேட்டால் தயாரிப்பு ஆண்டைச் சொல்லுங்கள். அதற்கு மேலும் அவசியம் என்றால் கடைசி இலக்கங்களை மறைத்துவிட்டு அவருக்கு மட்டும் தனியே அனுப்புங்கள்.

இன்னொன்று. வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் ரோட்டார் என்ற சிறு பாகத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிளக்குகளுக்கு மின்பொறி போகாது. யார் எவ்வளவு முயன்றாலும் இன்ஜின் பிடிக்காது. நாங்கள் இளைஞர்களாக இருந்த காலத்தில் வெளியூர் போனால் இதைத்தான் செய்வோம். இதற்குச் சந்தாவும் இல்லை, நீங்கள் போகுமிடத்தை இது யாரிடமும் சொல்வதும் இல்லை.

ராணிப்பேட்டை கணினி ஆசிரியர்:

மேலே சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். படத்தில் கண்ணுக்குத் தெரியாத பகுதியைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். கைபேசிக் கேமராவில் இருப்பிடப் பதிவு இயங்கிக்கொண்டிருந்தால், எடுத்த நேரமும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் படக் கோப்புக்குள்ளேயே எழுதப்படும். வேலூர் நகரம் என்று சொல்ல 12.9, 79.1 என்ற எண்கள் போதும்; ஆனால் கைபேசி தசமப் புள்ளிக்குப் பின் பல இலக்கங்களை எழுதுவதால், அது உங்கள் கொட்டகை வாசலுக்கே வழிகாட்டிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது இந்த விவரம் நீக்கப்படுகிறது. தெளிவு குறையக் கூடாது என்று அதே படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினாலோ அப்படியே போய்ச் சேரும். பாகத்தின் படத்தைத் தெளிவாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் அனுப்பச் சொல்வார்கள். ஆகவே கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை நிறுத்திவிட்டுப் படம் எடுங்கள். ஏற்கெனவே எடுத்த படமென்றால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பலாம். பின்னணியில் கதவு எண், தெருப் பலகை, எதிர்வீட்டுக் கடையின் பெயர் ஆகியவை விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் காப்பாற்றும் என்று முழுவதும் நம்பியிருக்க முடியாது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் ஒருவர் தானே பொதுவெளியில் வெளியிட்ட தன் விவரங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் 3-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்களே இட்ட ஆர்.சி. படத்தை வேறொருவர் எடுத்துச் சேமித்து வைத்தால், அந்தச் சட்டத்தைக் காட்டி அவரிடம் கேள்வி கேட்பது கடினம்.

ஆற்காட்டுச் சாலை:

ஒரு விஷயத்தில் நான் மாறுபடுகிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம்பர் பிளேட்டை மறைப்பதில்தான் பலரும் மிகுந்த கவனம் காட்டுகிறார்கள். சாலையில் ஓட்டிச் செல்லும்போது ஊரே பார்க்கும் எண் அது. அரசின் எம்-பரிவாகன் செயலியில் அதைத் தட்டினாலும் உரிமையாளர் பெயர் பாதி மறைக்கப்பட்டே வரும். வாகனப் பதிவு விவரங்களை மொத்தமாக விற்பதற்கு 2019-இல் மத்திய அரசு கொண்டுவந்த கொள்கையும், தனியுரிமைக் கவலைகளின் காரணமாக 2020-இல் கைவிடப்பட்டது. ஆகவே எண் தெரிவதைவிட, காகிதங்களின் நகல்கள் கைமாறுவதே எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது.

உரிமையாளர் இறந்தபின் வாரிசுக்குப் பெயர் மாற்றப் படிவம் 31 இருக்கிறது, நீங்களே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்க் கொடுக்கலாம். புரோக்கர் மூலம்தான் என்றால், முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை, ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து இறக்கி அதைக் கொடுங்கள். ஒவ்வொரு நகலின் மீதும் குறுக்காக, எந்த வண்டியின் பெயர் மாற்றத்துக்கு, எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அப்படி எழுதிய நகலை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது எளிதல்ல.

உங்கள் வண்டி 50 ஆண்டுகளைக் கடந்துவிட்டதால், 2021 ஜூலையில் வந்த விதிப்படி விண்டேஜ், அதாவது பழம்பெரும் வண்டி என்ற பதிவுக்கும் விண்ணப்பிக்கலாம். பழைய எண்ணையே வைத்துக்கொள்ள அதில் வழியுண்டு. ஆனால் அந்தப் பதிவின் கீழ் அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட முடியாது. கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

வேலப்பாடிவாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பம்பை நீங்கள் சொன்ன முறையிலேயே படமெடுத்து இடுகிறேன். பெயர் மாற்றத்துக்கு நானே நேரில் செல்கிறேன். ஜி.பி.எஸ். கருவியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னால் மகனிடம் பேச வசதியாக இருக்கும்.

ராணிப்பேட்டை கணினி ஆசிரியர்:

கருவி தவறில்லை ஐயா. நிற்கும் வண்டிக்கு அது பொருத்தமாக இல்லை, அவ்வளவுதான். அதிலுள்ள சிம் ஓயாமல் மின்சாரம் எடுப்பதால், வாரக்கணக்கில் ஓட்டாமல் இருந்தால் பேட்டரி இறங்கிவிடும். அதைத் தடுக்க பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் கட் ஆஃப் சுவிட்ச் வைத்தால், சொந்த பேட்டரி இல்லாத கருவி அப்போதே அணைந்துவிடும். மேலும் உங்கள் வண்டியின் ஒவ்வொரு பயணமும் அந்த நிறுவனத்தின் கணினியில் சேரும். ஏலகிரி போன்ற நெடும்பயணத்துக்கு எடுக்கும்போது மட்டும் தேவை என்றால், சொந்த பேட்டரி உள்ளதாகப் பார்த்து வாங்கி, 123456 என்று வரும் தொடக்கக் கடவுச்சொல்லை முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். மற்ற நாட்களில் ரோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுக் கொட்டகைக்கு நல்ல பூட்டாகப் போடச் சொல்லுங்கள்.