குவார்ட்டர்பேக்கை அளவுநாடாவால் அளக்கலாமா?

களத்தோரம்:
அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர் குவார்ட்டர்பேக். கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2023-இல் முதல் இடத்துக்காகக் கரோலினா பேந்தர்ஸ் அணி டி.ஜே. மூரையும் பல தேர்வு உரிமைகளையும் சிகாகோவுக்கு விட்டுக்கொடுத்து, 5 அடி 10 அங்குல உயரமுள்ள குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கை எடுத்தது. அடுத்த இடத்தில் ஹூஸ்டனுக்குப் போன 6 அடி 3 அங்குல சி.ஜே. ஸ்ட்ரவுட் அதே பருவத்தில் 4,108 கெஜம் எறிந்து சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருதைப் பெற்றார். யங்கோ 62 முறை பந்துடன் வீழ்த்தப்பட்டார். ஆறடிக்குக் குறைந்தவரை முதல் தேர்வாக எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவரைக் காக்க முன்னால் நின்று தடுக்கும் லைன்மேன்கள் ஆறரை அடியை நெருங்குபவர்கள். அவர்களைத் தாண்டி மைதானத்தின் நடுப்பகுதியைப் பார்க்க உயரம் குறைந்தவர் இன்னும் சற்றுப் பின்வாங்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பின்வாங்கும்போது, ஓரத்திலிருந்து சுற்றி வரும் எதிரணியினரின் பாதையில் தாமாகவே போய் நிற்கிறார்.

மூன்றாம்டவுன்:
அந்த 62-ஐ முழுவதும் யங்கின் உயரத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை, நண்பரே. தடுப்பு வரிசை பலவீனமாக இருந்ததால்தான் 2024 மார்ச்சில் ராபர்ட் ஹன்ட், டேமியன் லூயிஸ் என்ற இரு கார்டுகளை (guard, அந்த வரிசையின் உட்பக்க வீரர்கள்) பெரும் பணம் கொடுத்துக் கொண்டுவந்தார்கள். தவிர, லைன்மேன்களின் தலைக்கு மேலாக யாரும் பார்ப்பதில்லை, இடைவெளிகளின் வழியாகத்தான் பார்க்கிறார்கள். ஆறடி ட்ரூ பிரீஸின் பழைய ஆட்டப்பதிவைப் போட்டு, அவர் காலை மட்டும் கவனியுங்கள்: பந்தைக் காதருகே பிடித்தபடி இடமும் வலமும் சிறு அடிகளாக நகர்ந்து, கார்டுக்கும் வரிசையின் ஓரத்தில் நிற்கும் டேக்கிளுக்கும் நடுவே சந்து திறக்கும் கணத்தில் நுனிக்காலில் எழும்பி எறிவார். அப்படிச் சேர்ந்ததுதான் 80,358 கெஜம். 2007-இல் முதல் தேர்வான ஜமார்கஸ் ரஸல் ஆறரை அடி உயரம். மூன்றே பருவங்களில் அவர் ஆட்டம் முடிந்தது.

களத்தோரம்:
பிரீஸ் 2001-இல் 32-ஆம் இடத்திலும், ரஸல் வில்சன் 2012-இல் 75-ஆம் இடத்திலும் எடுக்கப்பட்டவர்கள். அவர்களுக்காக எந்த அணியும் எதிர்காலத்தை அடகு வைக்கவில்லை. நான் பேசுவது விலையைப் பற்றி. எறியும் முறையைச் சொல்லிக்கொடுக்கலாம். உடம்பைச் சொல்லிக்கொடுக்க முடியாது. 6 அடி 5 அங்குல ஜாஷ் ஆலன் வயோமிங் கல்லூரியில் எறிந்ததில் 56 விழுக்காடுதான் சக வீரர் கையில் சேர்ந்தது. பஃபலோ அணியில் 2020-இல் அது 69 ஆயிற்று, 2024 பருவத்தில் அவரே மிகச்சிறந்த வீரர்.

சாண்கணக்கு:
கையளவையும் சேர்த்துப் பேசுங்கள். டிராஃப்டுக்கு முன் வீரர்களை அளந்து சோதிக்கும் கம்பைன் முகாமில் கட்டைவிரல் நுனி முதல் சுண்டுவிரல் நுனி வரை விரித்து அளப்பது நம்முடைய சாண்தான். 2022-இல் கென்னி பிக்கெட்டின் சாண் எட்டரை அங்குலம் என்றதும் பெரும் பதற்றம் எழுந்தது. ஒன்பது அங்குல ஜோ பர்ரோவையும் 2020-இல் அப்படித்தான் குறை சொன்னார்கள். அவர் இரண்டாம் பருவத்திலேயே சின்சினாட்டியை இறுதிப்போட்டியான சூப்பர் பௌலுக்கு அழைத்துச் சென்றார். ஈரத்தில் பந்து வழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதை மழையில் எறியவைத்துப் பார்க்க வேண்டுமே தவிர, மேசைமேல் கையை விரித்து அல்ல.

மூன்றாம்டவுன்:
களத்தோரம் அவர்களே, விலை பற்றிய உங்கள் வாதத்தை ஏற்கிறேன். ஆனால் "சொல்லிக்கொடுக்கலாம்" என்ற அதே நம்பிக்கையில்தான் 2023-இல் ஆன்டனி ரிச்சர்ட்சன் நான்காம் இடத்தில் எடுக்கப்பட்டார். 6 அடி 4 அங்குலம், 244 பவுண்டு, 40 கெஜத்தை 4.43 விநாடியில் ஓடிய உடம்பு. 2024-இல் அவர் எறிந்ததில் பாதிகூடச் சேரவில்லை. உயரத்துக்கு ஆறடிக் கோடு போடுவதென்றால், கல்லூரியில் அறுபது விழுக்காட்டைத் தொடாதவருக்கும் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டால் ஆலனையும் இழந்திருப்போம்; அது தெரிந்தேதான் சொல்கிறேன்.