மறு: ஸ்பிரிங் வீட் = வசந்தக் கோதுமை?

அனைவருக்கும் வணக்கம். "ஸ்பிரிங் வீட்" என்ற கோதுமை வகைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> வசந்தக் கோதுமை என்றே போட்டுவிடலாமே. வாசகருக்கு உடனே புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். நான் தமிழாக்குவது, ஒரே ரகங்களைப் பல வட்டாரங்களில் விதைத்து விளைச்சலை ஒப்பிட்ட வயல்சோதனை அறிக்கை. அட்டவணையில் "வசந்தக் கோதுமை, விதைப்பு: நவம்பர்" என்று ஒரு வரி வந்து நிற்கிறது. படிப்பவர் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்.

கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலும் ஸ்பிரிங் வகையை ஏப்ரல், மே வாக்கில் விதைத்து, கோடை முடிவதற்குள் அறுப்பார்கள். பெயர் அந்த ஊர்ப் பருவத்தை ஒட்டியது. பஞ்சாபில் நவம்பரில் விதைப்பதும் இதே வகைதான். மெக்சிகோவில் கோதுமை ஆய்வாளர் நார்மன் போர்லாக் ஆண்டுக்கு இரண்டு தலைமுறை எடுத்தாரே, குளிர்காலத்தில் சமவெளியிலுள்ள ஒப்ரெகோனிலும் கோடையில் சுமார் 2,600 மீட்டர் உயரத்திலுள்ள டொலுக்காவிலும் விதைத்து? அதுவும் இதே வகை. ஆக, மாதத்தை வைத்துப் பெயர் சூட்டினால் எங்காவது இடிக்கும்.

வகையைப் பிரிப்பது குளிர்தான். எதிர்வகையான குளிர்காலக் கோதுமை (விண்டர் வீட்), முளைத்தபின் 0 முதல் 10 டிகிரிக்குள் பல வாரம் கிடந்தால்தான் ஒழுங்காகக் கதிர் தள்ளும். அதை வசந்தத்தில் விதைத்துப் பாருங்கள்: தூர் கட்டும், புல் மாதிரித் தழைத்துக்கொண்டே இருக்கும், தண்டு எழும்பாது. ஸ்பிரிங் வகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் முதலில் "குளிர்வேண்டாக் கோதுமை" என்று எழுதினேன்.

> குளிர் வேண்டா என்றால் வெயில் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

நியாயமான கேள்வி, எனக்கு உறைக்கவில்லை. மணி பால்பிடிக்கும் நேரத்தில் வெயில் ஏறினால் இந்த வகையும் சுருங்கித்தான் போகும். வளர இதமான குளிர் வேறு, பூக்கச் சொல்லும் குளிர் வேறு. இரண்டாவதற்குப் பாடநூல்களில் "தட்பப்பதனம்" என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. தட்பம் என்பது அன்றாடப் பேச்சில் அவ்வளவாகப் புழங்காத சொல் என்பது இங்கே வசதி; வானிலையோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள். எனவே "தட்பம்வேண்டாக் கோதுமை", எதிர்வகைக்குத் "தட்பம்வேண்டும் கோதுமை". தட்பமிலி என்று சுருக்கிப் பார்த்தேன், ஏதோ பூச்சியின் பெயர் போல ஒலித்தது. விட்டுவிட்டேன்.

குழுவில் வந்த "குறுவைக் கோதுமை" என்ற யோசனை காதுக்கு இனிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குறுவை என்றாலே குறைந்த நாள் பயிர் என்ற எண்ணம் வந்துவிடும். வடக்கு டகோட்டாவில் 100 நாள் சொச்சத்தில் முடிகிற இதே வகை, பஞ்சாபில் ஐந்து மாதம் வரை நிற்கும். சம்பாவையும் குறுவை என்று அழைத்த கதையாகிவிடும்.

அப்புறம், ஒவ்வொரு திடலிலும் ஒப்பிட்டுப் பார்க்க விதைக்கும் பழைய ரகத்துக்குக் "கட்டுப்பாட்டு ரகம்" வேண்டாம். அது எதையும் கட்டுப்படுத்துவதில்லை. "அளவுகோல் ரகம்" போதும், இதில் பெரிய தகராறு வராது என்று நினைக்கிறேன்.

தலைப்பில் மட்டும் "தட்பம்வேண்டா (வசந்த) கோதுமை" என்று ஒருமுறை போட்டுவிட்டு, உள்ளே அடைப்புக்குறியை எடுத்துவிடலாமா? வேறு சொல் கையில் இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள், அன்று அட்டவணைகளைத் திருத்த உட்காருகிறேன்.