எஸ்எஸ் சிக்னியில் 479 வினாடி அலைவு: விண்மீனுடையதா, கருவியுடையதா?

கேள்வி

வணக்கம். எஸ்எஸ் சிக்னி ஒரு குறுநோவா: இந்த இரட்டையில் வெள்ளைக் குள்ளன் (எரிந்து முடிந்த சிறிய, அடர்ந்த விண்மீன்) துணையிடமிருந்து இழுக்கும் வாயு வட்டாகச் சுழல்கிறது, அவ்வப்போது வெடித்துப் பிரகாசிக்கிறது. அது வெடிப்பில் 8ஆம் ஒளித்தரத்துக்கு அருகே இருந்தபோது இரவு முழுக்கப் படமெடுத்தேன். 8 அங்குலத் தொலைநோக்கி, 20 வினாடி எக்ஸ்போஷர், ஒவ்வொரு படமும் இறங்க 4 வினாடி.

நான் தேடியது குறுநோவா அலைவுகளை, அதாவது வெடிப்பின்போது வரும் வேகமான ஒளி ஏற்ற இறக்கங்களை. இந்த விண்மீனில் அவை 10 வினாடியை ஒட்டி வரும் என்று படித்திருக்கிறேன். அவை கிடைக்கவில்லை. ஆனால் பவர் ஸ்பெக்ட்ரத்தில் (எந்தக் கால அளவில் ஒளி எவ்வளவு அலைகிறது என்று காட்டும் வரைபடம்) 479 வினாடியில் ஒரு கூர்மையான உச்சி நிற்கிறது, வீச்சு 0.02 ஒளித்தரம். இரட்டையின் சுற்றுக்காலம் 6.6 மணி, அதோடு இதற்கு உறவில்லை. இதைக் கியூபிஓ (ஓரளவே சீரான அலைவு) என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1

முதலில் ஒரு கேள்வி. உங்கள் மவுண்டின் (தொலைநோக்கியை விண்மீனோடு திருப்பும் தாங்கி) வார்ம் சக்கரத்தில் எத்தனை பற்கள்? 180 என்றால் இந்தக் கணக்கைப் பாருங்கள்: பூமி ஒருமுறை சுழல 86,164 வினாடி, அதை 180ஆல் வகுத்தால் 478.7.

வார்ம் என்ற திருகு அந்தச் சக்கரத்தை ஒரு பல் நகர்த்த எடுக்கும் நேரம் அதுவே. அது ஒருமுறை சுற்றும்போது விண்மீன் சில பிக்சல் அங்குமிங்கும் நகரும். பிளாட் (பிக்சல்களின் உணர்திறன் வேறுபாட்டைச் சரிசெய்யும் சீரொளிப் படம்) சரியில்லை என்றால் அந்த நகர்வே ஒளிமாற்றமாகத் தெரியும். ஒவ்வொரு விண்மீனும் வேறு பிக்சல்களில் விழுவதால் ஒளி மாறாத ஒப்பீட்டு விண்மீனைக் கழித்தாலும் இது போகாது. எனவே இரண்டு ஒப்பீட்டு விண்மீன்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பாருங்கள். விண்மீனின் எக்ஸ், ஒய் இடத்துக்கும் தனியாகப் பவர் ஸ்பெக்ட்ரம் போடுங்கள்.

பதில் 2

மேலே சொன்னது சரி. இன்னொன்றும் பாருங்கள். இரவை மூன்று துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் ஸ்பெக்ட்ரம் போடுங்கள். உண்மையான கியூபிஓ சில சுற்றுகளிலேயே கட்டம் (அலைவின் தாளம்) தவறிவிடும், அதனால் அதன் உச்சி அகலமாக இருக்கும், இடமும் மாறும். ஆணி அடித்தது போல ஒரே இடத்தில் நின்றால் இயந்திரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

10 வினாடி அலைவு உங்களுக்குக் கிடைக்காததில் வியப்பே இல்லை. 20 வினாடி எக்ஸ்போஷருக்குள் அது இரண்டு முழுச் சுற்று முடித்துவிடும்; ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அழித்துவிடும். 24 வினாடிக்கு ஒரு படம் என்றால் 48 வினாடிக்குக் குறைந்த எதையும் நம்பிச் சொல்லவும் முடியாது.

அந்த 10 வினாடி எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சூரியனின் நிறையுள்ள வெள்ளைக் குள்ளனின் ஆரம் சுமார் 5,500 கிலோமீட்டர். அதன் மேற்பரப்பை உரசிக்கொண்டு வாயு சுற்றினால் ஒரு சுற்றுக்கு 7 வினாடி. வெடிப்பு வலுக்கும்போது வட்டின் உள்விளிம்பு உள்ளே தள்ளப்படுகிறது, அலைவின் காலமும் குறைகிறது. வெடிப்பு தணியும்போது திரும்ப நீள்கிறது. 1972இல் வானியலாளர்கள் வார்னரும் ராபின்சனும் இந்தக் குறுநோவா அலைவுகளை அறிவித்ததிலிருந்து பல விண்மீன்களில் இதே போக்குதான். நடுவில் இன்னும் சிறிய, அடர்ந்த நியூட்ரான் விண்மீன் இருந்தால், அதே கெப்ளர் விதிப்படி (பாதை சிறிதானால் சுற்றுக்காலம் குறையும்) காலம் மில்லிவினாடிக்கு இறங்கிவிடும். 1995 டிசம்பரில் ஏவிய ரோஸ்ஸி எக்ஸ்-கதிர்ச் செயற்கைக்கோள் அதைக் காட்டியது.

கேள்வி கேட்டவர்

பற்கள் 180தான்! ஒப்பீட்டு விண்மீன்களின் வித்தியாசத்திலும் 479 இருக்கிறது, எக்ஸ் இடத்தில் இன்னும் பளிச்சென்று. மூன்று துண்டிலும் அசையவில்லை. புது பிளாட் எடுத்து வகுத்தபின் உச்சி இரைச்சலோடு கலந்துவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது, குறைந்த அதிர்வெண் பக்கம் மேலேறும் ஒரு சரிவு மட்டும். அது என்ன?

பதில் 2

அது விண்மீனுடையதேதான், வாயு ஒழுங்கின்றி விழுவதால் வரும் மினுமினுப்பு. சிவப்பு இரைச்சல் என்பது இதைத்தான். அந்தச் சரிவின்மேல் தற்செயலாக எழும் மேடுகள் ஏராளம். அதனால் உச்சியின் உயரத்தைத் தட்டையான இரைச்சலோடு ஒப்பிடாதீர்கள். அதே சரிவுள்ள போலித் தரவுகளை உருவாக்கி அவற்றோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம், குறுநோவா அலைவின் வீச்சு பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழே, எஸ்எஸ் சிக்னியில் இன்னும் மெலிது. 8 அங்குலத்தில், சில வினாடி எக்ஸ்போஷரில், காற்றின் மினுக்கமே அதை விழுங்கிவிடும். பழக விரும்பினால் டிகியூ ஹெர்குலிஸ் என்ற இரட்டை விண்மீனைப் பிடியுங்கள். வானியலாளர் வாக்கர் 1954இல் அதில் கண்ட 71 வினாடி அலைவு, காந்தப்புலமுள்ள வெள்ளைக் குள்ளனின் சுழற்சியோடு கட்டுண்டது. கடிகாரம் போலக் கட்டம் தவறாது. உங்கள் 24 வினாடி இடைவெளியே போதும். பல இரவுகளின் தரவை ஒரே காலத்தில் மடித்துச் சேர்க்கலாம். படங்களின் நேரம் மட்டும் துல்லியமாக இருக்கட்டும். சூரிய மையத் திருத்தம் (பூமி நகர்வதால் ஒளி வந்துசேரும் நேரம் மாறுவதைச் சரிசெய்வது) செய்யாமல் இரவுகளைச் சேர்க்காதீர்கள்.