டேட்டாபேஸ் மாற்றிய கதைகள்: உங்களுக்கு என்ன நடந்தது?

இரவு ஷிஃப்ட் டிபிஏ

டேட்டாபேஸ் சந்தையில் யார் முந்துகிறார்கள் என்று தினமும் ஒரு கட்டுரை வருகிறது. நாம் ஒவ்வொருவரும் ஏன் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போனோம் என்று சொன்னாலே நிலவரம் தெரிந்துவிடும். நானே ஆரம்பிக்கிறேன், டேட்டாபேஸைப் பராமரிக்கும் டிபிஏ வேலை.

எங்களைக் கிளப்பியது, லைசென்ஸ் சரியாக இருக்கிறதா என்று கேட்டு வந்த ஒரு ஆடிட் கடிதம். விற்றவர் பெயர் வேண்டாம். எங்கள் டேட்டாபேஸ் ஓடியது 8 பிராசசர் கோர் கொடுத்த ஒரே ஒரு விஎம்மில் (மென்பொருளால் உருவாக்கிய சர்வர்). அந்த விஎம், கிளஸ்டரில் (சேர்த்துக் கட்டிய சர்வர் கூட்டம்) இருக்கும் எந்த நிஜ சர்வருக்கும் நகரலாம் அல்லவா, அதனால் கிளஸ்டரில் இருக்கும் அத்தனை கோருக்கும் லைசென்ஸ் வாங்கு என்றார்கள். அதோடு விடவில்லை. யாரோ எப்போதோ மந்தமான க்வெரி ஒன்றைப் பிடிக்க பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட் எடுத்திருக்கிறார்கள். அது தனிக் காசு கட்ட வேண்டிய ஆப்ஷனாம். எடுத்த தேதியோடு டேட்டாபேஸே குறித்து வைத்திருந்தது. அந்த யாரோ நான்தான்.

பேரம் பேசித் தொகையைக் குறைத்தோம். அடுத்த வாரமே, இலவசத் திறமூல டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸுக்குச் சோதனை சர்வர் ஒன்று தயாரானது.

நடுப்பெயர் இல்லாதவன்

அண்ணா, சோதனை சர்வர் போடுவது ஒரு நாள் வேலை. அப்புறம்தான் இருக்கிறது கூத்து.

நாங்கள் காசு கட்டி வாங்கும் ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு வந்தோம். அட்டவணைகளைக் கருவியே மாற்றிக் கொடுத்துவிட்டது. டேட்டாபேஸுக்குள்ளேயே ஓடும் நிரல்களான ஸ்டோர்டு ப்ரொசீஜர்களைக் கையால் எழுதினோம், அதுவும் எதிர்பார்த்ததுதான். மாட்டியது யாரும் யோசிக்காத இடத்தில். ஆரக்கிளில் வெற்றுச் சரமும் (எழுத்தே இல்லாத உரை) நல்லும் (மதிப்பே இல்லை என்ற குறி) ஒன்றுதான். ஒரு பெயரோடு நல்லை ஒட்டினாலும் பெயர் அப்படியே நிற்கும். போஸ்ட்கிரெஸில் இரண்டு செங்குத்துக் கோடு போட்டு நல்லை ஒட்டினால் மொத்தமும் நல் ஆகிவிடும். விளைவு: கட்ஓவர் (புதியதற்கு மாறும் வேலை) முடிந்த காலையில், நடுப்பெயர் இல்லாத வாடிக்கையாளர் எல்லோருடைய முழுப்பெயரும் காணோம். பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. திரையில் வெறும் வெள்ளை. தப்பு முழுக்க எங்களுடையது. சோதனைக்கு நாங்கள் போட்டிருந்த பெயர்கள் எல்லாவற்றிலும் நடுப்பெயர் இருந்தது.

அமேசான் தன் நுகர்வோர் வணிகத்தை ஆரக்கிளிலிருந்து நகர்த்தி முடித்துவிட்டதாக 2019 அக்டோபரில் அறிவித்தது. 75 பெட்டாபைட், கிட்டத்தட்ட 7,500 டேட்டாபேஸ். வெளியாரிடம் வாங்கிய சில மென்பொருள்கள் மட்டும் ஆரக்கிளிலேயே தங்கின. எங்களிடம் இருந்தது 40 டேட்டாபேஸ், 14 மாதம் ஆனது. மாறினால் எவ்வளவு மிச்சம் என்று கேட்கும் மேலாளரிடம் முதலில் இந்த மாதக்கணக்கைச் சொல்லுங்கள்.

கேஷ் மட்டும் போதும்

காசு கொடுத்து வாங்கினால்தான் லைசென்ஸ் தலைவலி என்று நினைக்காதீர்கள். நாங்கள் கேஷாக (அடிக்கடி தேவைப்படும் தரவை வேகமாக எடுக்க வைக்கும் இடம்) ஓட்டியது ரெடிஸ். 2024 மார்ச்சில் அது தன் திறமூல உரிமத்தை விட்டு, சேவையாக விற்பதற்குக் கட்டுப்பாடு போடும் உரிமத்துக்கு மாறியது. இதே வழியில் மோங்கோடிபி என்ற டேட்டாபேஸ் 2018லேயே போயிருந்தது. கிளவுட் நிறுவனங்கள் எங்கள் மென்பொருளைச் சேவையாக விற்றுச் சம்பாதிக்கின்றன, எங்களுக்கு ஒன்றும் வருவதில்லை என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

எங்கள் உபயோகத்துக்குப் புது உரிமம் இடைஞ்சலே இல்லை. ஆனால் சட்டப் பிரிவு அந்த உரிமத்தின் பெயரைப் பார்த்ததுமே வேண்டாம் என்றுவிட்டது. சில நாட்களிலேயே லினக்ஸ் ஃபவுண்டேஷன் கூரையின் கீழ் பழைய ரெடிஸ் நிரலிலிருந்து வால்கீ என்ற ஃபோர்க் (தனியாகப் பிரிந்த கிளை) வந்தது. நாங்கள் கன்ஃபிகில் (அமைப்புக் கோப்பு) இருந்த மென்பொருள் இமேஜ் பெயரை மாற்றினோம், மாலைக்குள் வேலை முடிந்தது. 2025 மே மாதம் ரெடிஸ் ஏஜிபிஎல் உரிமத்தையும் சேர்த்துத் திறமூலத்துக்குத் திரும்பியது. நாங்கள் திரும்பவில்லை. கோபம் ஒன்றும் இல்லை, அதற்கு இன்னொரு மீட்டிங் போட யாருக்கும் தெம்பில்லை.

டெமோ காட்டுபவன்

எதிர்முகாமிலிருந்து வருகிறேன், அடிக்காதீர்கள். டேட்டாபேஸ் விற்கும் நிறுவனத்தில் ப்ரீசேல்ஸ் வேலை, வாங்கும் முன் டெமோ காட்டுவது.

முன்பெல்லாம் வாடிக்கையாளரின் முதல் கேள்வி, ஒரு வினாடிக்கு எத்தனை டிரான்சாக்ஷன் என்பது. இப்போது, எங்கள் போஸ்ட்கிரெஸ் டிரைவர் (நிரலை டேட்டாபேஸோடு இணைக்கும் மென்பொருள்) அப்படியே வேலை செய்யுமா என்பது. போஸ்ட்கிரெஸ் இணக்கம் என்ற சொல்லுக்குள் பல படிகள் உண்டு. டிரைவர் இணைவது ஒன்று, எஸ்கியூஎல் மொழியில் எழுதிய க்வெரி ஓடுவது இன்னொன்று, எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி தரும் இணைப்பு) ஏறுவது வேறொன்று. ஒரு டெமோவில் முழு இணக்கம் என்று நான் வாயை விட்டேன். மூலையில் இருந்த ஒரு பொறியாளர் அமைதியாகத் தன் எக்ஸ்டென்ஷனை நிறுவிப் பார்த்தார். திரையில் சிவப்பு. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை ஸ்லைடிலிருந்தே எடுத்துவிட்டேன்.

ஏஐ வேலைக்குத் தனி வெக்டர் டேட்டாபேஸ் (பொருளில் நெருங்கியவற்றைத் தேடித் தருவது) வாங்க வந்தவர்கள் பாதிப் பேர், பிஜிவெக்டர் என்ற போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷனே போதும் என்று எழுந்து போவதையும் பார்க்கிறேன். பெரிய பணமும் அங்கேதான் போகிறது. 2025 மே மாதம் நியானை வாங்குவதாகத் தரவு நிறுவனமான டேட்டாபிரிக்ஸ் அறிவித்தது, ஏறத்தாழ 100 கோடி டாலர் என்று செய்தி. அடுத்த மாதமே கிரஞ்சி டேட்டாவை வாங்குவதாக அதன் போட்டியாளர் ஸ்னோஃபிளேக் சொன்னது. விலைபோன இரண்டுமே போஸ்ட்கிரெஸ் நிறுவனங்கள்.

ஆனால் போஸ்ட்கிரெஸையே யாரும் வாங்க முடியாது, அதற்கு முதலாளி இல்லை. இன்னொரு திறமூல டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் அப்படி இல்லையே. 2008ல் சன் நிறுவனம் வாங்கியது, 2010ல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. அதற்கு முன்பே பயந்து மரியாடிபி என்ற கிளை மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்துவிட்டது. பழைய ஆட்கள் இன்னும் இதைத்தான் எனக்கு நினைவுபடுத்துகிறார்கள்.

இன்னும் காசு கட்டுபவர்

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். நாங்கள் வணிக டேட்டாபேஸில்தான் இருக்கிறோம், வருடா வருடம் சப்போர்ட் தொகை கட்டுகிறோம். எங்கள் முக்கிய மென்பொருளை விற்றவர் இரண்டே டேட்டாபேஸுக்குத்தான் சான்று தருகிறார், இரண்டும் காசுக்கானவை. ஒரு நள்ளிரவில் ஸ்டோரேஜ் கெட்டுப் போய் தரவு பிளாக் உடைந்தபோது, மறுமுனையில் சப்போர்ட் ஆள் விடியும் வரை இருந்தார். அன்று எனக்கு விலை நினைவுக்கு வரவில்லை. (புதுப்பிக்கும் மாதம் வந்தால் வருகிறது.)

இரவு ஷிஃப்ட் டிபிஏ

கடைசிப் பதிவரோடு எனக்குச் சண்டையே இல்லை. எங்கள் கதையின் மிச்சத்தைச் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸ் சோதனை சர்வர் போட்டோம் என்றேனே, கடைசியில் கிளவுட் நிறுவனம் நிர்வகிக்கும் சேவையாகத்தான் போஸ்ட்கிரெஸுக்கு வந்தோம். ஸ்னாப்ஷாட் (பேக்கப் பிரதி) அவர்கள் வடிவில், லாகின் அவர்கள் முறையில். 2024ல் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் மொத்தமாக வெளியேறுபவர்களுக்குத் தரவை எடுத்துப் போகும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தன. நல்லதுதான், ஆனால் எங்களுக்கு அந்தக் கட்டணம் ஒருநாளும் பெரிய செலவாக இருந்ததில்லை.

இப்போது காலாண்டுக்கு ஒருமுறை முழு டம்ப் (தரவு மொத்தத்தின் நகல்) எடுத்து, எங்கள் சொந்த சர்வரில் ஏற்றிப் பார்க்கிறோம். போன முறை 11 மணி நேரம் ஆனது, 2 எக்ஸ்டென்ஷன் ஏறவில்லை. அந்தச் சேவையில் மட்டுமே கிடைப்பவை. யார் சேர்த்தார்கள் என்று லாகைப் பார்த்தேன். இந்த முறை நான் இல்லை.