பழைய மஹிந்திரா பிக்கப்புக்குப் பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி கட்ட வேண்டும், ஆள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே. திருமங்கலத்தில் வீட்டுக் கொட்டகையிலேயே பழைய மஹிந்திரா பிக்கப் ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். பியூஜோ 4.90 டீசல் இன்ஜின், 2112 சிசி. அதில் குறையில்லை, ஸ்டார்ட் பண்ணும்போது சூடேற்றும் குளோ பிளக்கை மாற்றியதும் சட்டென்று பிடித்துக்கொண்டது. பிரச்சினை எல்லாம் தகரத்தில்தான். டிரைவர் காலடியில் ஸ்க்ரூடிரைவரை லேசாக அழுத்தினாலே மறுபக்கம் வந்துவிடுகிறது. மேலே பெயின்ட் மட்டும் பளபளவென்று இருக்கிறது, அதுதான் கொடுமை.

தரைக்கு 16 கேஜ் தகடு வெட்டிப் போட்டுக்கொள்வேன். ஆனால் தொட்டியின் பக்கவாட்டில் அந்தக் காலத்து உருண்டை வளைவு வேண்டும். பட்டறையில் கேட்டால், "நேராவே அடிச்சுத் தர்றோம் தம்பி" என்கிறார்கள். நேராக அடித்தால் குப்பை வண்டிதான். மதுரைப் பக்கம் கையால் தட்டி வளைக்கிற டிங்கர் யாராவது இருக்கிறார்களா? பஸ் பாடி கட்டிப் பழகியவர் என்றால் இன்னும் நல்லது.

அப்புறம், வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருப்பதால் சேசிஸ், இன்ஜின் இரண்டிலும் கைவைக்கவில்லை. தொட்டி நீளத்தை அரை அடி கூட்டினால் எஃப்.சி.யில் (வண்டித் தகுதிச் சான்றுச் சோதனையில்) மறுப்பார்களா? எஃப்.சி. காட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அது தெரிந்த பிறகுதான் தகடு வாங்க வேண்டும்.