பீடத்துத் துளைகளைப் பற்றிக் கேட்டார்கள்

நிலாவெளியிலிருந்து:

உயர்தரத்தில் சித்திரம் ஒரு பாடமாக எடுத்துத் தேறியிருக்கிறேன். வெளிநாட்டில் கலை வரலாறு படிக்க ஆசை என்று வீட்டில் சொன்னபோது, "அது என்ன படிப்பு, படம் கீறுவதா?" என்று அம்மா கேட்டார். எனக்கே பதில் சொல்லத் தெரியவில்லை. நம் திருகோணமலை மாவட்டத்திலிருந்து போய்ப் படித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். கட்டணமும் விண்ணப்பமும் நானே தேடிக்கொள்வேன். அங்கே உங்களுக்கு நேர்ந்த ஒரு நாளைச் சொல்லுங்கள், போதும்.

உப்புவெளியிலிருந்து:

தங்கச்சி, பிறர் கீறியதையும் வார்த்ததையும் செதுக்கியதையும் பார்க்கப் பழகும் படிப்பு என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பார்ப்பதற்கும் ஒரு படிப்பா என்பார். நானும் அப்படிக் கேட்டவள்தான்.

பொதுநலவாயப் புலமைப்பரிசில் கிடைத்து முதுமாணிப் படிப்புக்காக லண்டன் போனேன். இரண்டாவது வாரமே ஒரு வேலை தந்தார்கள். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் ஏதாவது ஒரு பொருளின் முன் ஒரு மணி நேரம் நின்று, கண்ணில் படுவதை மட்டும் எழுதி வர வேண்டும். கதை கூடாது, சமய விளக்கம் கூடாது. பேனாவும் கூடாது, பென்சில்தான். தென்னாசியப் பொருட்கள் இருக்கும் 33ஆம் அறைக்குள் நுழைந்து சுற்றிக்கொண்டிருந்தேன். அங்கே பௌத்தப் பெண் தெய்வமான தாரா நின்றாள்.

பக்கத்துக் குறிப்பில் இருந்தது இதுதான்: 143 சென்ரிமீற்றர் உயரம். உள்ளே வெற்றிடமில்லாமல் கட்டியாக வார்த்து, மேலே பொன்முலாம் பூசிய வெண்கலம். ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டு. கிடைத்த இடம் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரை. இலங்கையில் ஆளுநராக இருந்த ரொபர்ட் பிரவுன்றிக் 1830இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருக்கிறார்.

அந்த "இடைப்பட்ட" என்ற சொல்லில் நின்றுவிட்டேன். அதற்குள் மூதூர் இருக்கிறது, வெருகல் இருக்கிறது, வாகரை இருக்கிறது. வெருகலில் என் பெரியம்மா வீடு. ஆற்றைக் கடக்கும்போது பஸ் ஜன்னலால் எட்டிப் பார்த்த அந்த மண்ணில் எங்கோ இவள் கிடந்திருக்கிறாள். எந்த ஊர், யாருடைய காணி என்று அந்தக் குறிப்பில் ஒரு சொல் இல்லை. கண் கலங்கிவிட்டது. முதல் இருபது நிமிடங்கள் ஒரு வரியும் எழுதவில்லை.

பிறகு எழுதிக் கொடுத்தேன். "அருள் பொழியும் முகம்" என்று தொடங்கியிருந்தேன். விரிவுரையாளர் அந்த வரியின் கீழே கோடிட்டு, "முகத்தில் எந்த இடம்?" என்று மட்டும் கேட்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. ஊரில் எல்லோருக்கும் விளங்குகிற சொல் இவருக்கு விளங்கவில்லையே என்று நினைத்தேன். கோபத்தோடே மறுபடியும் போய் நின்றேன். அப்போதுதான் கண்டேன். இமைகள் பாதி தாழ்ந்திருக்கின்றன. வலது கை இறங்கி உள்ளங்கையை நமக்குக் காட்டுகிறது. இடது கை விரல்கள் வளைந்து எதையோ பிடித்திருக்கின்றன, அந்தப் பொருள் இப்போது இல்லை. உயர்த்திக் கட்டிய கூந்தலில் ஒரு சிறு குழிவு, அதில் இருந்த சிறு புத்தர் உருவமும் போய்விட்டது. இடையில் கட்டிய துணி அவ்வளவு மெல்லியது, ஓரங்களை வைத்துத்தான் துணி என்றே தெரிகிறது. அருள் என்று நான் ஒரே சொல்லில் சொன்னதை, ஒரு கைவினைஞர் இமையிலும் மணிக்கட்டிலும் தோளின் சரிவிலும் பிரித்துப் பிரித்து வைத்திருந்தார். அந்தக் கேள்விக்காக விரிவுரையாளருக்கு இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் அவர்களுக்குத் தெரியாததும் இருந்தது. சோழர் காலத்து வெண்கலங்கள் பற்றிய வகுப்பு. திரையில் ஒரு சோமாஸ்கந்தர், சிவனும் உமையும் நடுவே குழந்தை முருகனும். உடலின் வளைவு, ஆபரணங்களின் நுட்பம் என்று எல்லோரும் அழகாகப் பேசினார்கள். பீடத்தின் பக்கங்களில் இருந்த துளைகளும் வளையங்களும் எதற்கென்று ஆசிரியர் கேட்டபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. நான் கையை உயர்த்தினேன். தண்டு கோப்பதற்கும் கயிறு கட்டுவதற்கும் என்றேன். இது எழுந்தருளி விக்கிரகம், கருவறையை விட்டு வீதிக்கு வருவது. சிவராத்திரிக்குப் பிறகு எங்கள் ஊர்ச் சிவனான கோணேசர் நகர்வலம் வரும்போது வாசலில் நிறைகுடம் வைத்து நாங்கள் காத்திருப்போம். அப்பா சாமி தூக்கிவிட்டு வரும் இரவுகளில் அவர் தோளுக்கு அம்மம்மா எண்ணெய் தடவுவார். இன்னொன்றும் சொன்னேன். நீங்கள் பேசுகிற இந்த உடலை நாங்கள் பார்ப்பதே இல்லை. பட்டும் மாலையும் சாத்திய பின் முகமும் கையும்தான் தெரியும். சிற்பி நுணுக்கி நுணுக்கிச் செய்த இடுப்பணியை அபிஷேக வேளையில் கண்டால்தான் உண்டு.

அன்று முழுக்க அதைப் பற்றியே பேசினார்கள். மறைக்கப்படப்போகும் என்று தெரிந்தும் ஏன் அவ்வளவு நுட்பம்? அந்தக் கேள்விதான் பின்னர் என் ஆய்வேட்டுக்குள் போனது. 1950இல் நம் நகரில் கிணறு வெட்டியபோது மண்ணுக்கடியிலிருந்து வந்த விக்கிரகங்களையும் அதில் சேர்த்துக்கொண்டேன்.

விடுமுறையில் வந்தபோது கோட்டை வாசலில் நின்றேன். பிரட்ரிக் கோட்டை. சிறு வயதில் மானுக்குக் கச்சான் கொடுத்துக்கொண்டு எத்தனை தடவை கடந்து போன வாசல்! 1620களில் போர்த்துக்கேயப் பறங்கியர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கோட்டைக்கு எடுத்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். படித்தும் நான் நின்று பார்த்ததில்லை. நிலைக்கல்லில் தமிழ் எழுத்துகள், இணைக்கயல். அங்கும் ஒரு மணி நேரம் நின்றேன். காவலுக்கு நின்றவர் வந்து, "எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.

மூதூரிலிருந்து:

நான் படிப்பது நெதர்லாந்தில், லைடனில். எங்கள் வீட்டில் விக்கிரகம் இல்லை, நான் முஸ்லிம். ஆகவே அக்கா சொன்ன அனுபவம் எனக்கு வேறு வாசலால் வந்தது. ஒல்லாந்தர் கால வரைபடங்களை ஆவணக் காப்பகத்தில் பார்க்கப் போயிருந்தோம். எனக்கு வந்த தாளில் ஒரு குடாவின் ஓரம் பழைய ஒல்லாந்த எழுத்தில் ஒரு பெயர். எழுத்துக்கூட்டிப் படித்தேன். கொட்டியார்! 1660இல் ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட கொட்டியாரக் குடா. வாப்பா வலை போடும் அதே தண்ணீர். ஆழம் குறிக்கும் இலக்கங்களைக் கடல் முழுக்க எறும்பு வரிசை போல எழுதியிருந்தார்கள். கப்பலுக்குத் தேவையானது அவ்வளவுதான். எங்கள் ஊர் இருக்க வேண்டிய கரையில் நான்கைந்து மரம் கீறியிருந்தார்கள். ஊரை வரையாமல் மரத்தை வரைந்த அந்தக் கையைப் பற்றியே முதல் கட்டுரையை எழுதினேன்.

ஆம்ஸ்ரடாமில் ரைக்ஸ் அருங்காட்சியகத்து நடராசரை அக்கா அறிந்திருப்பீர்கள். உள்ளே கட்டியா, வெற்றிடமா என்று பார்க்க, லொறிகளைச் சோதிக்கும் துறைமுகக் கதிர்ப்படக் கருவிக்குள் அனுப்பினார்கள். முழுக்கக் கட்டி, ஏறத்தாழ 300 கிலோ. அதைத் தோளில் தூக்கிய ஆட்களை நினைத்துக்கொண்டேன். 1765இல் கண்டியில் கொள்ளைபோன பீரங்கி உட்பட ஆறு பொருட்களை 2023 டிசம்பரில் நெதர்லாந்து இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது; அவை இருந்ததும் அதே அருங்காட்சியகத்தில்தான். தாரா எப்போது வருவாள் என்று நானும் கேட்கிறேன்.

நிலாவெளியிலிருந்து:

அம்மாவுக்கு இரண்டையும் வாசித்துக் காட்டினேன். இடுப்பணி இடத்தில் நிறுத்தச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். பிறகு, "வேலை என்ன கிடைக்கும்?" என்றார்.

உப்புவெளியிலிருந்து:

நியாயமான கேள்வி. அருங்காட்சியகம், தொல்பொருட் பாதுகாப்பு, கற்பித்தல் என்று வழிகள் இருக்கின்றன, ஆனால் இடங்கள் குறைவு. காத்திருக்க வேண்டி வரும், நானும் காத்திருந்தேன். 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1917 முதல் பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவைப் பார்த்துக்கொண்டார் என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். எங்கள் வாசிப்புப் பட்டியலின் தொடக்கத்திலேயே அவர் பெயர் இருந்தது.

விண்ணப்பிக்க முன் ஒரு நாள் வெல்கம் விகாரைக்குப் போவோம். சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். பௌத்த விகாரைக்குத் தமிழில் கல்வெட்டுகள் இருக்கின்றன. நான் வரும் மாதம் ஊரில் இருப்பேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். பென்சில் கொண்டு வாருங்கள், அளவுநாடா என்னிடம் இருக்கிறது.